பட்டியலில் முதல் வாக்கியம்

அண்ணே, எக்ஸ்டர்னலைக் கூட்டிவந்த வண்டி இதுதானே? நினைத்தேன். கோயம்புத்தூர் நம்பர். கேட்டில் வாட்ச்மேன் ஒரு கேள்வி கேட்காமல் சலாம் வைத்துத் திறந்துவிட்டிருப்பானே? திறப்பான். இந்தக் காலேஜில் அந்த மரியாதை இரண்டு பேருக்குத்தான். ஒன்று முதலாளி, இன்னொன்று எக்ஸ்டர்னல். நீங்கள் பின்சீட்டில் வைத்துக் கூட்டிவந்தீர்களே, அந்தப் பேராசிரியரைத்தான் சொல்கிறேன். வெளிக் காலேஜிலிருந்து வந்து, கடைசி வருஷப் பிள்ளைகள் செய்த ப்ராஜெக்டைப் பார்த்து, நாலு கேள்வி கேட்டு, மார்க் போட்டுவிட்டுப் போகிறவர். அந்தக் கேள்வி கேட்பதற்கு வைவா என்று பேர்.

இங்கே உட்காரட்டுமா? புங்கமரத்து நிழல் இவ்வளவுதான் இருக்கிறது. எதிரே வராந்தா தெரிகிறதா, அதில் மூன்றாவது கதவு. அதற்குள்தான் என் மகள் இருக்கிறாள். தாரணி. வீட்டில் பாப்பா என்போம். நான் வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. அவள் என்னோடு பேசி எட்டு மாசம் ஆகிறது, அண்ணே. இன்றைக்கு அவள் வெளியே வருகிறபோது ஒரு வார்த்தை பேசினால் போதும். ஒரே ஒரு வார்த்தை. திட்டினால்கூடப் போதும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துத் திருச்சிக்குப் போய்விடுவேன்.

தண்ணி குடிக்கிறீங்களா? வீட்டுத் தண்ணிதான், கொதிக்கவைத்து ஆற்றியது. பாப்பாவுக்கென்று கொண்டுவந்தேன். வேண்டாமா? வேண்டாம் என்றால் வேண்டாம். இப்போதெல்லாம் நான் யாரையும் வற்புறுத்துவதில்லை.

உங்கள் புரொபசர் எப்படி, கறாரா? தெரியாதா? சரி, வழியில் சாப்பிட நிறுத்தினாரா? என்ன சாப்பிட்டார்? பொங்கலா? அப்படியானால் கவலை இல்லை. பொங்கல் சாப்பிட்ட எக்ஸ்டர்னல் நல்லவர். பதினோரு மணிக்குக் கண்ணைச் சொருகும், கேள்வி குறைந்துவிடும். பூரி சாப்பிட்டு வருகிறவர்தான் ஆபத்து. நெஞ்சு கரிக்கிற எரிச்சலையெல்லாம் பிள்ளைகள் மேல் காட்டுவார். சிரிக்காதீங்க, இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.

என்ன வேலை என்று கேட்க வருகிறீர்கள். ப்ராஜெக்ட் சென்டர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடை மாடியில். இஞ்சினியரிங் பிள்ளைகள் கடைசி வருஷம் சொந்தமாக ஒரு ப்ரோக்ராம் செய்து காட்ட வேண்டும், இல்லையா? அவர்களுக்கு நேரம் இருக்காது. பாவம், லவ் பண்ண வேண்டும், கிரிக்கெட் பார்க்க வேண்டும். எங்களிடம் தலைப்பைச் சொன்னால் போதும். ப்ரோக்ராம், கறுப்பு அட்டை போட்டுத் தங்க எழுத்துப் பதித்த புத்தகம், வைவாவில் கேட்கக்கூடிய பதினைந்து கேள்வி, பதில், எல்லாம் கொடுத்துவிடுவோம். நான் அங்கே நைட் ஷிப்ட். சாயங்காலம் ஒரு பையன் வந்து, “அண்ணே, கைடு கலரை மாத்தச் சொல்லிட்டாரு, பேரை மாத்தச் சொல்லிட்டாரு” என்று சொல்லிவிட்டுப் போவான். காலையில் எட்டு மணிக்கு ரெடியாக இருக்கும்.

படிக்கவென்று நான் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. ஒரு கம்ப்யூட்டர் கோச்சிங் சென்டரில் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். பிள்ளைகள் பெஞ்சில் விட்டுப்போகும் நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து நானே படித்துக்கொண்டதுதான். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் அந்தப் பெட்டிக்குத் தெரிந்த இங்கிலீஷும் ஐம்பது அறுபது வார்த்தைதான் அண்ணே, அது போதுமாக இருந்தது. இதுவரை நானூறு ப்ராஜெக்ட்டுக்கு மேல் செய்திருக்கிறேன். நானூறு இஞ்சினியர்! அமெரிக்காவில்கூட இருக்கிறார்கள். ஒரு புத்தகத்திலும் என் பேர் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் செய்த ப்ராஜெக்ட் ஒன்றுகூட வைவாவில் படுத்ததில்லை.

ஏன் படுக்கவில்லை? அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாவிலையைப் படம் எடுத்துப் போட்டால் என்ன நோய் என்று சொல்லும் ப்ராஜெக்ட், வருஷத்துக்குப் பத்துப் பேர் வாங்குவார்கள். அது உண்மையாக நோயைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஆயிரம் தொல்லை. சில சமயம் கண்டுபிடிக்கும், சில சமயம் திணறும். வைவாவில் திணறினால் தீர்ந்தது. அதனால் நாங்கள் பத்துப் படம் கொடுத்து அனுப்புவோம். அந்தப் பத்துக்கும் சரியான பதிலை உள்ளேயே கையால் எழுதிவைத்துவிடுவோம். அதைத் தவிர வேறு எந்தப் படத்தைப் போட்டாலும் பட்டியலில் முதலில் என்ன நோய் இருக்கிறதோ அதைச் சொல்லும். எக்ஸ்டர்னல் வேறு இலையைப் பறித்துக்கொண்டா வரப்போகிறார்? ஒரு தடவை ஒரு பையன் பதற்றத்தில் எக்ஸ்டர்னல் முகத்தையே படம் எடுத்துப் போட்டுவிட்டான். ‘இலைக்கருகல்’ என்று வந்தது. மனுஷன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மார்க் போட்டுவிட்டுப் போனார்.

வைவா முடிந்தால் அந்த ப்ரோக்ராமின் ஆயுசு முடிந்தது. அதற்கப்புறம் அதை ஒருவரும் திறக்க மாட்டார்கள். இருபது வருஷத்தில் நான் செய்த ஒன்றைக்கூட வைவாவுக்கு மறுநாள் யாரும் உபயோகப்படுத்தியது கிடையாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. என் பக்கத்து நியாயம் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

என் வீட்டுக்காரி கோமதி இந்த வேலைக்கு வைத்த பேர் ‘பிட்டு கம்பெனி’. ரேஷன் கடை வரிசையில் யாராவது “உங்க வீட்டுக்காரர் என்ன பண்றார்?” என்று கேட்டால், “பரிட்சைக்குப் பிட்டு எழுதிக் குடுக்கிறார், கம்ப்யூட்டர்ல” என்பாள். நான் பக்கத்தில் நிற்பேன். அப்படி ஒரு வாய். தெருவில் யார் வீட்டில் சண்டை என்றாலும் பஞ்சாயத்துக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். பேசினால் பேசிக்கொண்டே இருப்பாள். நான் ராத்திரி வேலை முடிந்து வந்து படுக்கும்போதுதான் அவளுக்குப் பேச்சே ஆரம்பிக்கும். “கொஞ்சம் சும்மா இரேன்டி” என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

பாப்பா மூன்றாவது வருஷம் படிக்கும்போது கோமதிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை, வலது கால், நாக்கு. மூளைக்குள் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டர். நாம் சொல்வதெல்லாம் புரியும். அவள் சொல்ல நினைப்பதும் உள்ளே முழுசாக இருக்கும். வாய்க்கு வரும்போது குழைந்து போய்விடும். ஆ, பா, ஓ என்று ஒரு இழுவை. அந்த வாய், அண்ணே. அந்த வாய்க்கு அப்படி.

இருங்க, உள்ளே டீ போகிறது பாருங்க. முந்திரி பிஸ்கட், மிக்சர். தட்டு எடுத்துக்கொண்டு போகிறானே, அவன் சவரிமுத்து, லேப் அட்டெண்டர். எங்கள் சென்டருக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவன். இன்றைக்கு வைவா என்று அவன்தான் போன் பண்ணிச் சொன்னான். டீ உள்ளே போனால் முதல் பிள்ளை முடியப் போகிறது என்று அர்த்தம். அடுத்தது பாப்பா.

கடைசி வருஷம் ப்ராஜெக்ட் என்று வந்தபோது நான் கேட்டேன், “தலைப்பு என்ன வேணும் சொல்லு பாப்பா, அப்பா இருக்கேன்” என்று. அவள் சிரித்துவிட்டு, “நீங்க நானூறு பேருக்குச் செஞ்சு களைச்சுப் போயிருக்கீங்க. இதை நானே செய்யறேன்” என்றாள். அம்மாவின் பேச்சைப் புரிந்துகொள்ளும் ப்ரோக்ராம். அதுதான் அவள் ப்ராஜெக்ட். சனி ஞாயிறு ஹாஸ்டலிலிருந்து வந்து அம்மா முன்னால் உட்கார்ந்துகொள்வாள். நாற்பது வாக்கியம் எழுதிவைத்திருந்தாள். தண்ணி வேணும். தலை வலிக்குது. ஃபேனைப் போடு. டீவியை நிறுத்து. பாப்பாவுக்கு போன் போடு. இப்படி நாற்பது. ஒவ்வொன்றையும் அம்மாவை முப்பது தடவை சொல்லவைத்துப் பதிவு செய்தாள். கோமதி பாதியில் சிரித்துவிடுவாள். சிரித்ததையும் பதிவு செய்துகொள்வாள். எனக்குத் தூக்கத்தில் கேட்கும், இரண்டு பேரும் சிரிப்பது.

கடைசியில் ஒரு பழைய போனை ரிப்பனில் கோத்துக் கோமதியின் கழுத்தில் மாட்டிவிட்டாள். பெரிய பச்சைப் பட்டன் ஒன்றுதான் அதில். இடது கையால் அதை அழுத்திக்கொண்டு கோமதி ஏதாவது சொன்னால், அது காலேஜ் கம்ப்யூட்டரில் இருக்கும் ப்ரோக்ராமுக்குப் போய், புரிந்துகொண்டு, பாப்பாவின் குரலில் திருப்பிச் சொல்லும். புரியவில்லை என்றால், “புரியலை, இன்னொரு தடவ சொல்லும்மா” என்று சொல்லும். அதுவும் பாப்பாவின் குரல்தான். முதல் நாள் “ஃபேனைப் போடு” என்று போன் சொன்னது. நான் எழுந்து போய் ஃபேனைப் போட்டேன். கோமதி என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தாள். இருபத்து மூன்று வருஷத்தில் சொன்ன உடனே நான் எழுந்து செய்தது அன்றைக்குத்தான் என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். அவ்வளவு புரியும் எனக்கு. முகத்தைப் பார்த்தால் அவ்வளவு புரியும்.

ஆனால் ப்ரோக்ராம் என்று பார்த்தால், நூற்றுக்கு அறுபத்து மூன்றுதான் சரியாகச் சொன்னது. மற்றதுக்கெல்லாம் “புரியலை”. மார்ச் மாசம் இரண்டாவது ரிவியூவில் டிபார்ட்மென்ட்டில் கிழித்துவிட்டார்கள். “பத்து தடவை கேட்டா நாலு தடவை புரியலைங்குது. இதுக்கு எதுக்கும்மா ஒரு ஆப்? பக்கத்துல ஒரு ஆளை உட்கார வெச்சாப் போதுமே” என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள். கோமதி இடது கையால் தடவிக்கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நீ எதற்கு இருக்கிறாய் என்று கேட்கிற பார்வை. நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

“பாப்பா, ஒரு நாள் குடு. நான் சரி பண்ணித் தர்றேன்” என்றேன்.

விசுக்கென்று எழுந்துவிட்டாள். “அப்பா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்கிறேன். இதுல மட்டும் கை வைக்காதீங்க. இது அம்மாவோடது.”

அது எனக்குக் கொஞ்சம் வலித்தது. பொய் சொல்வானேன். நானூறு பேர் என் கையை நம்பிக் கல்யாணம் காட்சி என்று ஆகிவிட்டார்கள். சொந்த மகள், கை வைக்காதே என்கிறாள்.

வைவாவுக்கு முந்தின நாள். ஏப்ரல் மாசம், நல்ல வெயில். இரண்டு நாளாக வீட்டில் இருந்த பாப்பா புத்தகம் பைண்டிங் வாங்கிவர டவுனுக்குப் போயிருந்தாள், லேப்டாப்பை வைத்துவிட்டு. பாஸ்வேர்டு அவள் அம்மா பேரும் பிறந்த வருஷமும். எனக்குத் தெரியாதா? மத்தியானம் இரண்டரை மணி. கோமதி பக்கத்தில் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு இருபது நிமிஷம் ஆயிற்று. வைவாவில் போட்டுக் காட்ட அவள் பத்துப் பதிவு எடுத்துவைத்திருந்தாள். அந்தப் பத்துக்கும் சரியான பதிலைக் கையால் எழுதினேன். உள்ளே இருந்த ப்ரோக்ராம் குறுக்கே வராமல் அடைத்துவிட்டேன். அப்புறம் அந்த “புரியலை”யை எடுத்தேன். ஒரு ப்ராஜெக்ட் எக்ஸ்டர்னல் முன்னால் வாயைத் திறந்து எனக்குப் புரியலை என்று சொல்லலாமா? நீங்களே சொல்லுங்க. நானூறு ப்ராஜெக்ட்டில் ஒன்றுகூட அப்படிச் சொன்னதில்லை. அதை எடுத்துவிட்டு, பத்தைத் தவிர வேறு எது வந்தாலும் பட்டியலில் முதல் வாக்கியத்தைச் சொல் என்று வைத்தேன். எங்கள் வழக்கம் அதுதானே.

பட்டியலில் முதல் வாக்கியம், தண்ணி வேணும்.

சாயங்காலம் பாப்பா புத்தகத்தோடு வந்தாள். நன்றி என்று ஒரு பக்கம் இருந்தது. அதில், ‘சொந்த முயற்சியால் கணினி கற்று எனக்கு முன்னோடியாக விளங்கும் என் தந்தை திரு. ப. ஞானசேகர் அவர்களுக்கு’ என்று அச்சில். என் பேர், அண்ணே. முதல் தடவை ஒரு புத்தகத்தில் என் பேர். நான் எதுவுமே செய்யாத ஒரே ப்ராஜெக்ட் என்று நினைத்துப் போட்டிருக்கிறாள். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அதற்குள் அவள் லேப்டாப்பைத் திறந்து பத்துப் பதிவையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினாள், “அப்பா, பத்துக்குப் பத்துப்பா! நேத்து அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் பதிஞ்சு சேர்த்தேன்ல, அது பலிச்சிருச்சுப்பா!” என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எந்த அப்பன் சொல்வான்?

வெள்ளிக்கிழமை வைவா. அன்றைக்கு வந்த எக்ஸ்டர்னல், “புத்தகத்துல அறுபத்து மூணுன்னு இருக்கு, இங்க பத்துக்குப் பத்து வருதே?” என்று கேட்டாராம். இவள் நிமிர்ந்து நின்று, “நேத்து வரைக்கும் அறுபத்து மூணு சார்” என்றாளாம். எழுந்து நின்று கை கொடுத்திருக்கிறார். பெஸ்ட் ப்ராஜெக்ட் என்று ஒரு ஷீல்டு. எனக்கு போன் பண்ணிச் சொல்லும்போது பின்னால் பிள்ளைகள் கத்துகிற சத்தம். “ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்துருவேன்ப்பா. அம்மாகிட்ட நேர்ல காட்டணும்” என்றாள்.

அன்றைக்கு மத்தியானமே திருப்பி மாற்றிவைத்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் லேப்டாப் அவளிடம். அதோடு, உண்மையைச் சொன்னால், எனக்கு அது ஞாபகத்திலேயே இல்லை. வைவா முடிந்துவிட்டதே. முடிந்த ப்ரோக்ராமை யார் திறப்பார்கள்? வைவாவுக்காக அவள் அதையே காலேஜ் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள்; கோமதி கழுத்தில் தொங்கிய போனுக்குப் பின்னால் இருந்ததும் அதே ப்ரோக்ராம்தான் என்பது இருபது வருஷப் பழக்கத்தில் புத்திக்கு எட்டவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானத்திலிருந்து கோமதி பட்டனை அழுத்துவாள், ஏதோ சொல்வாள். போன், “தண்ணி வேணும்” என்று சொல்லும். நான் ராத்திரி முழுக்க விழித்தவன், பகலில்தான் தூக்கம். பாப்பா குரல் கேட்டதும் எழுந்து தண்ணி எடுத்துவந்து ஸ்பூனால் ஊட்டுவேன். ஊட்டிவிட்டுப் படுப்பேன். அரை மணி நேரத்தில் மறுபடியும் “தண்ணி வேணும்”. வெயில் காலம்தானே என்று எழுந்து கொடுப்பேன். ஸ்பூனைத் தட்டிவிடுவாள். புடவையெல்லாம் நனைந்து போகும். “என்னடி, கேக்கிறதும் நீதான், தட்டுறதும் நீதானா” என்று ஒரு சத்தம் போட்டேன். கண்ணில் தண்ணி வந்தது அவளுக்கு. வாயில் ஊற்றினால் கண்ணில் வருகிறதே என்று கேலிகூடப் பண்ணினேன். சனிக்கிழமை பாப்பா போன் பண்ணினாள். “அம்மா எப்படி இருக்கா?” “நல்லா இருக்கா, தண்ணிதான் அடிக்கடி கேக்கிறா.” “வெயில்தானேப்பா, கேட்டாக் குடுங்க. இப்ப ஆப் கரெக்டா சொல்லுது.” அவளே சொன்னதுதான். இதை நான் அவளிடம் திருப்பிச் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். உங்களிடம் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஒன்றரை மணி நேரம். அவ்வளவுதான். பாப்பா பையோடு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பைக்குள் ஷீல்டு இருந்தது.

என் மச்சினன் முருகவேல், கோமதியின் தம்பி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “கடைசி வரைக்கும் தண்ணி குடுத்த கை மச்சான் இது” என்றான். பெருமையாகத்தான் இருந்தது அப்போது.

காரியம் முடிந்து நாலு நாள் கழித்து ஒரு மத்தியானம். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து தோளைத் தொட்டு எழுப்பினாள். காதில் மாட்டுகிற ஒயர் கழுத்தில் கிடந்தது. அந்த போனில் அம்மா பேசிய எல்லாமே தானாகப் பதிவாகி இருக்குமாம், பின்னால் கற்றுக்கொள்வதற்காக. அம்மா குரலைக் கேட்கலாமே என்று திறந்திருக்கிறாள்.

“அப்பா, ப்ரோக்ராம்ல கை வெச்சீங்களா?”

“டெமோ விழக் கூடாதுன்னு…”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். “வெள்ளிக்கிழமை மத்தியானத்துலேர்ந்து ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் அம்மா பதினாலு தடவை பேசியிருக்கா. பதினாலுக்கும் தண்ணி வேணும்னு வந்திருக்கு. இப்ப என்னோட பழைய ப்ரோக்ராம்ல போடறேன், கேளுங்க” என்றாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். கோமதி குரல் வரும். அப்புறம், “புரியலை, இன்னொரு தடவ சொல்லும்மா.” மறுபடியும் கோமதி. “புரியலை, இன்னொரு தடவ சொல்லும்மா.” ஒன்பது தடவை புரியலை. ஐந்து தடவை, “பாப்பாவுக்கு போன் போடு.”

பதினாலும் ஒரே இழுவைதான் அண்ணே. ஒரே மாதிரிதான் இருந்தது. ஒரே விஷயத்தைத்தான் மூன்று நாளாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஒன்று கேட்டேன். நியாயமான கேள்வி. “உன் ப்ரோக்ராமும் ஒம்பது தடவை புரியலைன்னுதானே பாப்பா சொல்லுது? அது மட்டும் என்ன பெருசா கிழிச்சிருக்கும்?”

அவள் போனை அணைத்தாள். “புரியலைன்னு சொல்லியிருந்தா நீங்க அம்மா முகத்தைப் பாத்திருப்பீங்கப்பா” என்றாள்.

அதுதான் என்னோடு கடைசியாகப் பேசியது. அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு முருகவேல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

முகத்தைப் பார்க்காமலா அண்ணே தண்ணி கொடுத்தேன்? சொல்லுங்க. ஸ்பூனை வாயில் வைக்க வேண்டுமே, முகத்தைப் பார்க்காமல் எப்படி வைப்பது? பதினாலு தடவை. எத்தனை புருஷன் தூக்கத்திலிருந்து எழுந்து பதினாலு தடவை கொடுப்பான்?

சரி. வாயைத்தான் பார்த்தேன். சிந்தக் கூடாதென்று வாயைப் பார்த்தேன்.

அப்புறம் அவள் செய்ததைக் கேளுங்க. நேராக இந்தக் காலேஜுக்கு வந்து, நான் காட்டியது என் ப்ரோக்ராம் இல்லை, மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக்கொடுத்தாள். ஹெச்.ஓ.டி. தலையில் கை வைத்துக்கொண்டாராம். “ஏம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சேம்மா.” “எனக்கு முடியலை சார்.” ஷீல்டை அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள். டிகிரி நின்றுபோயிற்று. சென்னையில் வேலைக்கு ஆர்டர் கொடுத்திருந்த கம்பெனியும் கைவிட்டுவிட்டது. இன்றைக்கு அரியர் பிள்ளைகளோடு சேர்ந்து மறுபடியும் வைவா. அறுபத்து மூன்றோடு வந்து நிற்கிறாள். போன வாரம் சவரிமுத்துவிடம் சொல்லி, புதுப் புத்தகத்தில் நன்றிப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டு வந்து, “அந்தப் பக்கமே இல்லண்ணே” என்றான்.

நானும் அந்த சென்டரில்தான் இன்னும் இருக்கிறேன். வேறு எங்கே போவது? போன வாரம் ஒரு பெண் வந்தாள், அதே மாவிலை ப்ராஜெக்ட். பத்துப் படம் எழுதிவைத்தேன். பதினொன்றாவதுக்கு என்ன வைப்பது என்று ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வழக்கப்படிதான் வைத்தேன்.

என்ன, ஃபேன் சத்தம் நின்றுவிட்டது? கரன்ட் போய்விட்டதா? ஆமாம், சவரிமுத்து ஜன்னலைத் திறக்கிறான். பேசாதீங்க அண்ணே. பேசாதீங்க. பாப்பா குரல். “சார், இது அவங்க கடைசியாப் பேசின பதிவு சார். இதையும் சேர்த்திருக்கேன்.” கேட்கிறதா? கணீரென்று பேசுகிறாள். பேசட்டும்.

கோமதி.

அதுதான் அண்ணே, கோமதி. இப்போது கேட்டதே, அந்த இழுவை. எட்டு மாசம் ஆயிற்று இந்தக் குரலைக் கேட்டு.

“புரியலை, இன்னொரு தடவ சொல்லும்மா.”

ஐயோ, அதையா முதலில் போட வேண்டும்? அந்தப் பத்திலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துப் போடக் கூடாதா இந்தப் பெண்? இதோ மறுபடியும் கோமதி.

“புரியலை, இன்னொரு தடவ சொல்லும்மா.”

போச்சு. இரண்டு தடவை. எக்ஸ்டர்னல் பேனாவை மூடியிருப்பார். மூன்றாவது. எவ்வளவு பொறுமையாகச் சொல்கிறாள் பாருங்க. அவளுக்கு ஏது இவ்வளவு பொறுமை? ஒரு தடவை சொல்லி நான் எழுந்திருக்கவில்லை என்றால் போர்வையைப் பிடித்து இழுக்கிறவள்.

“பாப்பாவுக்கு போன் போடு.”

இல்லை, ஒன்றுமில்லை. தூசி. நீங்க அந்தப் பக்கம் பாருங்க.

உங்கள் புரொபசர் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? பொங்கல் சாப்பிட்டவர்தானே? நாலு கேள்வி கேட்கலாமே. நாற்காலி நகர்கிற சத்தம். எழுந்துவிட்டாரா? கதவு திறக்கிறது. அண்ணே, அதுதான் பாப்பா. கறுப்புப் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருகிறாளே, அவள்தான். இளைத்துப் போய்விட்டாள். சட்டென்று பார்த்தால் கோமதி.

பார்த்துவிட்டாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

நின்றுவிட்டாள். திரும்பிப் போகவில்லை பாருங்க. தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வாய் அசைகிறது. அண்ணே, பேசுகிறாள், என்னைப் பார்த்துப் பேசுகிறாள்! என்ன சொன்னாள்? உங்களுக்குக் கேட்டதா? எனக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் ஏதோ சொல்கிறாள்.

என்ன, கிட்டே போய் என்னவென்று கேட்பதா? எதற்கு அண்ணே கேட்க வேண்டும், பெற்றவனுக்குத் தெரியாதா? காலையிலிருந்து நின்றுகொண்டே பேசியிருக்கிறாள், நாக்கு வறண்டிருக்கும். தண்ணிதான் கேட்கிறாள். இதோ வந்துவிட்டேன் பாப்பா, இதோ. அந்த பாட்டிலை எடுங்க அண்ணே, சீக்கிரம்.